எவார்ட்ஸ் கிரகாம்

நோய் தீர்க்கப் புகும் மருத்துவனுக்கு மூன்று கடமைகள் உண்டு என்று திருவள்ளுவர் அறிவுறுத்தியுள்ளார். உற்ற நோய் இன்னதெனத் தெளிதல் முதற்கடமை. அந்நோய் தோன்றிய காரணத்தை ஆராய்தல் இரண்டாவது. அதனை நீக்கும் வழியை அறிந்து பிழையின்றிச் செய்தல் மூன்றாவது. இம்மூன்றனுள் இடையில் நிற்பதே பெரிதும் அரியது. நோயாளி கண்ணெதிரே இருப்பார். மருந்தும் கருவியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். காரணமோ மறைந்து நிற்கும். சிற்சில வேளைகளில் அது மருத்துவனுடைய விரல்களின் இடையிலேயே இருந்தும் அவன் அறிவிற்குப் புலப்படாமற் போவதுண்டு. நுரையீரற் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவத்தால் வழி கண்டவரும், தாம் நெடுநாள் ஐயுற்ற ஓர் உண்மையை முடிவில் ஏற்று உலகிற்கு உரைத்தவருமாகிய எவார்ட்ஸ் கிரகாம் என்பாரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

இளமையும் கல்வியும்

எவார்ட்ஸ் ஆம்புரோஸ் கிரகாம் 1883ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த சிகாகோ மாநகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் அந்நகரில் அறுவை மருத்துவராக விளங்கியவர். தந்தையார் தொழிலிடத்து மைந்தருக்கும் இளமையிலேயே பற்று உண்டாயிற்று. கிரகாம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1904இல் பட்டம் பெற்றார்; பின்னர்ச் சிகாகோவிலுள்ள ரஷ் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1907இல் மருத்துவரானார்.

பட்டம் பெற்றதோடு கல்வி முற்றிற்று என்று அவர் எண்ணினார் அல்லர். உடலின் இயக்கத்தை அறிவதற்கு வேதியியல் அறிவு இன்றியமையாதது எனக் கருதி, அக்கலையையும் முயன்று கற்றார். 1916இல் எலன் டிரெட்வே என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரும் வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற அறிஞர். பிற்காலத்தில் மருந்தியற் பேராசிரியராக உயர்ந்தவர். ஆராய்ச்சியே அவ்வில்லறத்தின் பொதுச் செல்வமாக அமைந்தது.

கிரகாம் சில காலம் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மேசன் நகரில் மருத்துவத் தொழில் புரிந்தார். அக்காலத்தில் மருத்துவரிடையே ஒரு தீய வழக்கம் பரவியிருந்தது. நோயாளி ஒருவரை அறுவை மருத்துவரிடம் அனுப்பும் மருத்துவர், அவ்வறுவைக்குரிய ஊதியத்தில் ஒரு பங்கை மறைவாகப் பெற்றுக்கொள்வார். இதனால் நோயாளிகள் திறமை மிக்காரிடம் செல்லாது, பங்கு மிகுதியாகத் தருவாரிடம் அனுப்பப்பட்டனர். நோயாளியின் உயிரை விலை பேசும் இச்செயலைக் கிரகாம் அறவே வெறுத்தார். அன்று தொடங்கிய அப்போரை அவர் தம் வாழ்நாள் முழுதும் விடாது நடத்தினார்.

பாசறையில் கற்ற பாடம்

முதல் உலகப்போரில் அமெரிக்கா ஈடுபட்டபொழுது கிரகாம் படையின் மருத்துவப் பிரிவிற் சேர்ந்தார். 1918ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாசறைகளில் அம்மை, நச்சுக்காய்ச்சல் ஆகிய நோய்கள் பரவின. அவற்றைத் தொடர்ந்து வீரர் பலருடைய மார்பினுள், நுரையீரலைச் சூழ்ந்த இடைவெளியில், சீழ் திரண்டது. சீழ் கண்டவிடத்து உடனே கீறி வெளியேற்றுதல் வேண்டும் என்பது அந்நாளைய மருத்துவ மரபு. மருத்துவர்கள் அவ்வாறே வீரர்களின் மார்பைத் திறந்தனர். ஆயின், நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். இதன் காரணத்தை ஆராயப் படைத்துறையினர் ஒரு குழுவை அமைத்தனர். கிரகாமும் அக்குழுவில் ஓர் உறுப்பினரானார்.

நுரையீரல் தானாக விரியும் ஆற்றல் உடையதன்று. மார்புக்கூட்டின் உள்ளே காற்றழுத்தம் வெளியினும் குறைவாக இருப்பதனாலேயே அது விரிந்து நிற்கின்றது. மார்பைத் திறந்தவுடன் வெளிக்காற்று உட்புகும்; நுரையீரல் சுருங்கிவிடும். நாட்பட்ட நோயில் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்குமாதலின் அவ்விடர் நேர்வதில்லை. ஆனால் வீரர்களுக்கு வந்ததோ புதுநோய். அவர்தம் நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கவில்லை. எனவே மார்பைத் திறந்த மாத்திரத்தில் அவர்கள் மூச்சுத் திணறி இறந்தனர். கிரகாமும் அவருடன் உழைத்தோரும் இதனை ஆய்ந்து தெளிந்தனர். நோயின் கடுமை தணியுமளவும் மார்பைத் திறவாது, ஊசிவழியே நீரை வாங்குதலே தக்கது என்று அறிவுறுத்தினர். அம்முறையைக் கையாண்ட ஒரு பாசறையில் இறப்பு நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாயிற்று. மரபு என்பது பற்றியே ஒன்றைச் செய்தல் ஆகாது. அதன் காரணம் அறிந்தே செய்தல் வேண்டும் என்னும் பாடத்தைக் கிரகாம் அப்பாசறையிற் கற்றார்.

பேராசிரியர்

போர் முடிந்தபின், 1919இல், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராகக் கிரகாம் அமர்த்தப்பட்டார். 1951ஆம் ஆண்டுவரை அவர் அப்பதவியில் வீற்றிருந்தார். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பார்ன்ஸ் மருத்துவமனையே அவர்தம் பணிக்களமாயிற்று.

எக்ஸ் கதிர்கள் எலும்பைக் காட்டும். பித்தப்பை போன்ற மென்மையான உறுப்புகளைத் தெளிவாகக் காட்டா. கல்லீரல் வழியாகப் பித்தத்திற் கலக்கும் ஒரு பொருளோடு, எக்ஸ் கதிரைத் தடுக்கும் தனிமம் ஒன்றைச் சேர்த்து உட்செலுத்தினால், பித்தப்பை நிழலாகத் தோன்றும் என்று கிரகாம் கருதினார். அவரும் அவர்தம் மாணவராகிய வாரன் கோல் என்பவரும் நாய்களிடத்துச் சோதனை செய்தனர். பன்முறை முயன்றும் நிழல் தோன்றவில்லை. ஒருநாள் ஒரு நாயிடத்து மட்டும் அது தெளிவாகத் தோன்றியது. வினவியபொழுது, அந்நாய்க்கு அன்று உணவிட மறந்துவிட்டமை தெரியவந்தது. உண்டபின் பித்தப்பை தன் பித்தத்தைக் குடலுட் செலுத்திவிடும். பட்டினி கிடக்கும்பொழுதே அது நிறைந்திருக்கும். ஏவலாளன் மறதியால் நேர்ந்த பிழையிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. 1924இல் அவ்வாராய்ச்சி வெளியாயிற்று. பல்லாண்டுக்காலம் உலகெங்கும் மருத்துவர்கள் பித்தப்பை நோயை அம்முறையால் அறிந்துவந்தனர்.

நுரையீரலை நீக்கிய நாள்

நுரையீரற் புற்றுநோய் அந்நாளில் தீராநோயாகவே எண்ணப்பட்டது. புற்று நுரையீரலின் ஒரு பகுதியளவில் நின்றால் அப்பகுதியை நீக்கலாம். மூச்சுக்குழாய் கிளைக்கும் இடத்தில் அது வேரூன்றிவிட்டால் ஒரு பக்கத்து நுரையீரல் முழுவதையுமே எடுத்தல் வேண்டும். புற்றுநோய்க்காக அதனை ஒரே அறுவையில் எடுக்க முயன்ற இடங்களில் நோயாளிகள் பிழைத்திலர்.

1933ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரத்து மகப்பேற்று மருத்துவர் ஒருவர் கிரகாமை நாடி வந்தார். அவருக்கு வயது 48. இருமலும் காய்ச்சலும் அவரைப் பல திங்கள் வருத்தின. மூச்சுக்குழாயினுள் கருவி செலுத்தி எடுத்த சிறு சதையை ஆராய்ந்தபொழுது, இடப்பக்கத்து நுரையீரலில் புற்றுநோய் உண்டென்பது உறுதியாயிற்று. தம் நோயின் கொடுமையை அவரும் அறிந்தவரே. அறுவைக்குமுன் தம் ஊருக்குச் சென்று, தம் பற்களைச் செப்பனிட்டுக் கொண்டார்; அதனோடு தம்மை அடக்கம் செய்தற்குரிய நிலத்தையும் விலைக்கு வாங்கி வைத்தார். வாழ்வின்மீது நம்பிக்கையும் சாவிற்கு ஆயத்தமும் அவர் உள்ளத்தில் ஒருங்கே இருந்தன.

ஏப்ரல் 5ஆம் நாள் அறுவை நடந்தது. நுரையீரலின் ஒரு பகுதியை மட்டும் நீக்கக் கருதியே கிரகாம் மார்பைத் திறந்தார். ஆயின், புற்றின் நிலை அதற்கு இடந்தரவில்லை. மூடிவிடுவதா, முழு நுரையீரலையும் எடுத்துவிடுவதா என்னும் வினா அவர்முன் நின்றது. மூடினால் இறப்பு உறுதி. எடுத்தால் பிழைத்தல் ஐயம். கிரகாம் அந்நுரையீரலுக்குச் செல்லும் குருதிக்குழாயைச் சிறிது நேரம் அடைத்துப் பார்த்தார். நோயாளியின் நாடித்துடிப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. அதன்பின் இடப்பக்கத்து நுரையீரல் முழுவதையும் அகற்றினார். வெற்றிடம் எஞ்சின் சீழ் திரளும் என அஞ்சி, மார்புச் சுவர் உள்ளமுங்குமாறு விலாவெலும்புகள் ஏழனையும் நீக்கினார்.

இடையே சில இடையூறுகள் தோன்றிய போதிலும் நோயாளி பிழைத்தார். மீண்டும் தம் ஊரில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். ஒற்றை நுரையீரலோடு ஏறத்தாழ 30 ஆண்டு வாழ்ந்து, 1963இல் வேறு நோயால் இறந்தார். நுரையீரற் புற்றுநோயாளி ஒருவரின் நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் நீக்கி அவரைப் பிழைப்பித்தது அதுவே முதன்முறை. அச்செய்தி பரவியதும் பல நாட்டு மருத்துவரும் அவ்வழியிற் செல்லத் துணிந்தனர். மார்பு அறுவை மருத்துவம் என்னும் தனித்துறை வேகமாக வளர்ந்தது.

தொழிலுக்கு வகுத்த நெறி

கத்தியைக் கையாளும் உரிமை எளிதிற் கிட்டுதல் ஆகாது என்பது கிரகாமின் உறுதியான கொள்கை. அக்காலத்து அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற எவரும் அறுவை செய்யலாம். தனிப்பயிற்சி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்நிலையை மாற்ற 1937இல் அமெரிக்க அறுவை மருத்துவ வாரியம் நிறுவப்பட்டது. கிரகாம் அதன் முதல் தலைவரானார். பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே தங்கிப் பயின்று, தேர்வில் வென்றவரே அவ்வாரியத்தின் சான்று பெறலாம் என்ற விதி ஏற்பட்டது. மார்பு அறுவை மருத்துவத்திற்கென 1931இல் தோன்றிய இதழுக்கும் அவரே ஆசிரியராகி இறுதிவரை அதனை நடத்தினார். அவரிடம் பயின்ற மாணவர் பலர் பேராசிரியர்களாயினர்.

ஐயமும் தெளிவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுரையீரற் புற்றுநோய் மிக அரிதாகவே காணப்பட்டது. 1919இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்நோயால் இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தபொழுது, இத்தகைய நோயை வாழ்நாளில் மறுமுறை காண்பது அரிது என்று கூறி மாணவர்களை ஆசிரியர் அழைத்துக் காட்டினார். அம்மாணவருள் ஆல்டன் ஆக்ஸ்னர் என்பவரும் ஒருவர். அவர் பின்னர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அறுவை மருத்துவரானார். 1936இல் ஆறு திங்களுக்குள் அந்நோயாளர் ஒன்பதின்மரை அவர் கண்டார். அனைவரும் சிகரெட்டுப் புகைப்போர். புகையே அந்நோய்க்குக் காரணம் ஆகலாம் என்று ஆக்ஸ்னர் எடுத்துரைத்தார்.

கிரகாம் அதனை ஏற்கவில்லை. சிகரெட்டு விற்பனையும் நோயும் சேர்ந்து வளர்ந்தமை உண்மையே. ஆனால் மகளிர் அணியும் நைலான் காலுறைகளின் விற்பனையுந்தான் வளர்ந்துள்ளது என்று அவர் நகையாடினார். இரண்டு பொருள்கள் ஒருங்கு வளர்தலால் மட்டும் ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் ஆகாது என்பது அவர் கருத்து. அக்கருத்துப் பிழையுடையதன்று. ஆயினும் அவரும் இளமை தொட்டு இடைவிடாது புகைத்துவந்தவர். அறுவை மேடையில் நுரையீரலைக் காத்த அக்கைகள் ஓய்வு வேளைகளில் சிகரெட்டை ஏந்தின.

1948இல் எர்ன்ஸ்ட் வைண்டர் என்னும் மருத்துவ மாணவர் கிரகாமை அணுகி, இவ்வையத்தை முறையாக ஆராய இசைவு வேண்டினார். தம் கொள்கைக்கு மாறானது என்று கருதிக் கிரகாம் அவரை விலக்கினார் அல்லர். ஆராய்ந்து காண்பதே ஐயம் தீர வழி எனத் துணிந்து, வேண்டிய உதவிகளை எல்லாம் அளித்தார். நுரையீரற் புற்றுநோய் உற்றவரிடமும், அந்நோய் இல்லாத பிற நோயாளிகளிடமும் அவர்களுடைய பழக்கங்களைப்பற்றி ஒரே வகையான வினாக்கள் வினவப்பட்டன. 1950 மே திங்களில் முடிவு வெளியாயிற்று. மூச்சுக்குழாய்ப் புற்றுநோய் உடைய ஆடவர் 605 பேருள் நூற்றுக்கு 96.5 பேர் பல்லாண்டுகள் மிகுதியாகப் புகைத்தவர். அந்நோய் இல்லாத ஆடவருள் அத்தகையோர் நூற்றுக்கு 73.7 பேரே. அதே ஆண்டு இங்கிலாந்தில் ரிச்சர்டு டாலும் பிராட்போர்டு இல்லும் செய்த ஆராய்ச்சியும் இதே முடிவைத் தந்தது.

கிரகாம் தம் முந்தைய கருத்தைக் கைவிட்டார். அதன்பின் சிகரெட்டையும் விட்டார். வயது எழுபதை நெருங்கிய காலத்தில், புகழின் உச்சியில் நின்ற ஒருவர், தம் மாணவர் கூறியதே மெய், தாம் எண்ணியது பொய் என ஒப்புதல் எளிதன்று. அத்துடனும் அவர் அமையவில்லை. வைண்டருடனும் மற்றொருவருடனும் சேர்ந்து, சிகரெட்டுப் புகையிலிருந்து திரட்டிய தாரை எலிகளின் தோலில் தடவி வந்தார். அவ்வெலிகளுள் நூற்றுக்கு 44 புற்றுநோய் உற்றன. 1953 இறுதியில் இச்செய்தி வெளியானதும் மக்கள் அச்சமுற்றனர். புகையிலை வணிகர்கள் 1954 சனவரியில் 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் விளம்பரம் செய்து, புகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று மறுத்தனர். கிரகாமோ தாம் கண்ட உண்மையினின்று வழுவவில்லை.

இறுதிக் காலம்

1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரகாமுக்கு உடல்நலம் குன்றியது. மார்பை எக்ஸ் கதிரால் நோக்கியபொழுது இரு பக்கத்து நுரையீரல்களிலும் புற்றுநோய் பரவியிருந்தமை தெரிந்தது. ஒரு நுரையீரலை நீக்கிப் பிறர் உயிரைக் காத்தவருக்கு, அவர் கண்ட வழியும் உதவாத நிலை நேர்ந்தது. புகைப்பதை விட்டு ஐந்தாண்டுகளுக்கு மேலாகியும், அதற்குமுன் ஏறத்தாழ 50 ஆண்டுகள் புகைத்த தீங்கு உடலில் எஞ்சி நின்றது. இதனை அவரே முன்னாள் எதிர்வாதியாகிய ஆக்ஸ்னருக்குக் கடிதத்தின் வாயிலாகத் தெரிவித்தார். மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள், தாம் நெடுங்காலம் பணி செய்த பார்ன்ஸ் மருத்துவமனையிலேயே அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு 74 வயது நிறைய இரண்டு கிழமைகளே எஞ்சியிருந்தன. 1933இல் அவர் பிழைப்பித்த மருத்துவரோ அவருக்குப் பின்னும் ஆறாண்டு வாழ்ந்தார்.

அவருக்குப் பின்

கிரகாம் ஊன்றிய வித்து வீண்போகவில்லை. 1964 சனவரியில் அமெரிக்க நாட்டுத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கை, சிகரெட்டுப் புகைத்தல் நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூறியது. அறுவை முறையும் திருந்தியது. நோய் முற்றாத நிலையில், முழு நுரையீரலையும் எடாது, புற்றுள்ள பகுதியை மட்டும் நீக்குதல் பலருக்குப் போதுமானது என்று பின்வந்தோர் கண்டனர். விலாவெலும்புகளை நீக்காமல், சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் அறுவையும் தோன்றியது. கதிர் மருத்துவமும் பல்வகை மருந்துகளும் துணையாயின.

எனினும் இந்நோய் தொடக்கத்தில் துன்பம் தாராது மறைந்து வளரும் இயல்புடையது. இருமலும் குருதியும் தோன்றும் முன்னரே அதனைக் கண்டறிதல் வேண்டும். சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தால் அவ்வாறு கண்டறிந்து இறப்பைக் குறைக்கச் செய்த முயற்சிகள் பயன் தரவில்லை. பின்னர்க் குறைந்த அளவு கதிரைக் கொண்டு உடலை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் சி.டி. கருவி உதவிக்கு வந்தது. நெடுநாள் மிகுதியாகப் புகைத்தவர் 53,000க்கும் மேற்பட்டாரிடத்து அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. சி.டி. படம் எடுக்கப்பட்டவருள் இந்நோயால் நேர்ந்த இறப்பு, எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்பட்டவரை நோக்க நூற்றுக்கு 20 பங்கு குறைந்தது என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. புகையாதவருக்கும் இந்நோய் வருதல் உண்டு. எனினும் புகையே அதன் தலையாய காரணம்.

இப்பணி இன்று ஒருவரால் முடிவதன்று. படத்தை நோக்கி நிழலைக் காண்பவர் ஒருவர். சதையை நுண்ணோக்கியால் ஆய்ந்து நோயை உறுதி செய்பவர் ஒருவர். மயக்கமருந்து தந்து உயிரைக் காப்பவர் ஒருவர். அறுவை செய்பவர், கதிர் மருத்துவர், மருந்து தருபவர், இரவும் பகலும் உடனிருந்து பேணும் செவிலியர் எனப் பலரும் கூடியே ஒரு நோயாளியைக் காக்கின்றனர். அத்துறைகளுள் ஒவ்வொன்றிற்கும் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அறுவைத் துறையில் அந்நெறியை வற்புறுத்தியவருள் கிரகாம் முதல் வரிசையில் நிற்பவர்.

கிரகாமின் கைத்திறம் பெரிது; அதனினும் பெரிது அவர்தம் உள்ளத்தின் நேர்மை. தமக்கு ஒவ்வாத உண்மையை ஆராய மாணவருக்கு இடந்தந்தார். அது மெய்யெனக் கண்டதும் தலைவணங்கினார். அவ்வுண்மை அவரைக் காக்கும் காலம் கடந்துவிட்டது. ஆனால் புகையை ஒருமுறையும் தீண்டாத இளையோருக்கு அக்காலம் கடக்கவில்லை. நோயின் காரணத்தை அறிந்தபின் அதனை அணுகாதிருத்தலே அப்பெரியாருக்கு அவர்கள் செலுத்தும் நன்றியாகும்.